லாஜிஸ்டிக் மேப்பால் பூட்டிய படம்: என்ட்ரோபி 7.99 வந்தால் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: 512 × 512 அளவுள்ள கறுப்பு-வெள்ளைப் படத்தின் பிக்சல்களை ஆர்னால்ட் கேட் மேப் என்ற கணித விதியால் இடம் மாற்றி, லாஜிஸ்டிக் மேப் என்ற எளிய சூத்திரத்திலிருந்து வரும் எண்களோடு எக்ஸ்-ஆர் (பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒத்தால் 0) செய்து பூட்டுகிறார்கள், அதாவது மறையாக்குகிறார்கள். என்ட்ரோபி 7.99, என்பிசிஆர் 99.6% வருகிறது. இது பாதுகாப்பானதா? சில நேரம் இன்னொரு கணினியில் படம் திறக்க மறுக்கிறதே, ஏன்?

பாதுகாப்பானது இல்லை. அதை உங்கள் இரண்டு எண்களே சொல்கின்றன.

முதலில் என்பிசிஆர். மூலப் படத்தில் ஒரே ஒரு பிக்சலை மாற்றி, இரண்டு படங்களையும் ஒரே சாவியால் பூட்டி, கிடைக்கும் இரண்டு பூட்டிய படங்களிலும் எத்தனை சதவீதப் பிக்சல்கள் வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டு எடுக்க வேண்டிய அளவு அது. நீங்கள் சொன்ன முறையில் ஒரு பிக்சலின் மாற்றம் வேறு எந்தப் பிக்சலையும் தொடாது. 2,62,144 பிக்சல்களில் ஒன்று மட்டும் மாறும், அதாவது 0.0004%. அப்படியிருக்க 99.6 எப்படி வந்தது? மூலப் படத்தையும் பூட்டிய படத்தையும் ஒப்பிட்டிருப்பீர்கள். சீரற்ற ஒரு படத்தை, தொடர்பே இல்லாத வேறு எந்தப் படத்தோடு ஒப்பிட்டாலும் ஏறக்குறைய அந்த எண்தான் வரும், ஏனென்றால் இரண்டு சீரற்ற பைட்டுகள் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 256-இல் ஒன்று. இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கைகளில் அடிக்கடி காணக்கிடைக்கும் பிழை இது.

அடுத்தது என்ட்ரோபி, அதாவது பைட் மதிப்புகள் எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன என்ற அளவு; உச்சம் 8. 7.99 என்றால் 8-க்குப் பக்கத்தில்தானே என்று தோன்றும். உண்மையிலேயே சீரற்ற 2,62,144 பைட்டுகளை எடுத்தால் என்ட்ரோபி 7.9993 அளவில் இருக்கும். 256 × 256 படத்துக்கு 7.9972. உங்களுடையது 7.999-ஐ வெட்டி எழுதியதாக இல்லாமல் உண்மையாகவே 7.990 என்றால், எதிர்பார்க்கும் குறைவைப் போல 14 மடங்கு குறைவு இருக்கிறது என்று பொருள். அதே ஹிஸ்டோகிராமில் (ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்ற வரைபடம்) கை-ஸ்கொயர், அதாவது சமப் பரவலிலிருந்து விலகலை அளக்கும் சோதனை, போட்டால் 3,600-க்கு மேல் வரும். 5% நிலையில் எல்லை 293.25. என்ட்ரோபியை எப்போதும் நான்கு தசம இடம் வரை எழுதுங்கள்.

எங்கே சாய்வு வருகிறது என்றும் சொல்லிவிடலாம். லாஜிஸ்டிக் மேப் என்பது, புது மதிப்பு = ர × ம × (1 − ம). ம என்பது இப்போதைய மதிப்பு, ர என்பது மாறாத எண். ர = 4 என்று வைக்கும்போது வரும் மதிப்புகள் 0-க்கும் 1-க்கும் நடுவே சமமாகப் பரவுவதில்லை, இரண்டு ஓரங்களிலும் குவிகின்றன. அதை 256-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால், 0 என்ற பைட் 0.39% வருவதற்குப் பதில் சுமார் 4% வரும், 255-உம் அப்படியே. எண்தொடரின் என்ட்ரோபி மட்டும் பார்த்தால் 7.7-க்கு அருகில்தான். படத்தோடு எக்ஸ்-ஆர் செய்யும்போது படத்தின் சொந்தப் பரவல் இந்தச் சாய்வைப் பாதி மறைத்துவிடும். அதனால் பரிசோதனைக்கு முதலில் எடுக்க வேண்டியது முழுக்கறுப்புப் படம். எல்லாப் பிக்சலும் 0 என்பதால் எண்தொடர் அப்படியே வெளியே தெரியும்.

தாக்குபவருக்கும் அதே கறுப்புப் படம்தான் வேண்டும். ஒரே சாவியால் நீங்கள் எத்தனை படம் பூட்டினாலும் அதே எண்தொடர்தான் வருகிறது. கறுப்புப் படம் ஒன்றை உங்கள் நிரலில் கொடுத்துப் பூட்டிப் பார்க்க முடிந்தால், இடமாற்றம் இருந்தும் பயனில்லை: 0-களை எப்படி இடம் மாற்றினாலும் 0-தான். எண்தொடர் முழுதும் கையில். மிச்சம் இருப்பது இடமாற்றம் மட்டும். ஒவ்வொரு பிக்சலின் இட எண் 18 பிட். ஒரு படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் அந்த எண்ணின் 8 பிட்டை எழுதலாம். ஆகவே மூன்று படங்களில் முழு முகவரியும் அடங்கிவிடும். மொத்தம் நான்கு படங்கள், சாவியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்த நான்குகூடக் கிடைக்காமல், இரண்டு பூட்டிய படங்கள் மட்டும் கையில் இருந்தால்? இரண்டையும் எக்ஸ்-ஆர் செய்தாலே எண்தொடர் அடிபட்டுப்போய், இரண்டு மூலப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, இடம் மட்டும் கலைந்து கிடைக்கும்.

கேட் மேப்பின் இடமாற்றமும் வலுவானதன்று. (க, வ) என்ற இடத்தில் உள்ள ஒவ்வொரு பிக்சலையும் (க + வ, க + 2வ) என்ற இடத்துக்கு நகர்த்துகிறோம், பக்க அளவால் வகுத்த மீதியை எடுத்துக்கொள்கிறோம். குறிப்பிட்ட சுற்றுகளுக்குப் பின் மூலப் படம் தானாகத் திரும்பி வந்துவிடும்: 100 பிக்சல் பக்கத்துக்கு 150 சுற்று, 124-க்கு 15, 256-க்கு 192, 512-க்கு 384. பக்க அளவின் மூன்று மடங்கை அந்தச் சுற்று எண்ணிக்கை தாண்டாது என்று 1992-இல் டைசனும் ஃபால்க்கும் நிறுவினார்கள். சுற்று எண்ணிக்கையைச் சாவியாக வைத்தால் 384 வாய்ப்புதான். முயன்று பார்க்க ஒரு நொடி போதும். போதாதற்கு (0,0) பிக்சல் எந்தச் சுற்றிலும் நகராது. படம் சதுரமாகவும் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முதல் மருந்து நான்ஸ், அதாவது ஒரே ஒரு முறை மட்டும் பயன்படும் எண். ஒவ்வொரு படத்துக்கும் இயங்குதளத்தின் சீரற்ற எண் மூலத்திலிருந்து 16 பைட் எடுங்கள். அதைச் சாவியோடு சேர்த்துத் தொடக்க மதிப்புகளை உருவாக்குங்கள், நான்ஸை மறைக்காமல் கோப்பின் தலைப்பகுதியில் எழுதுங்கள். அது ரகசியமாக இருக்க வேண்டியதில்லை, திரும்ப வரக் கூடாது என்பதே நிபந்தனை. மூலப் படத்தின் ஷா-256 மதிப்பை (படத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஹேஷ் எண்) சாவியில் கலப்பது பல ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கம். அதில் ஒவ்வொரு படத்துக்கும் தனி ஹேஷ் மதிப்பை ரகசியமாக அனுப்பியாக வேண்டும். ஆயிரம் படம் என்றால் ஆயிரம் சாவி. அத்தனையையும் ரகசியமாக அனுப்ப வழி இருந்தால் அந்த வழியிலேயே வேறு எதையும் அனுப்பலாமே.

இனி, இன்னொரு கணினியில் திறக்காத சிக்கல். கேயாஸை (லாஜிஸ்டிக் மேப் போன்றவற்றின் கணிக்க முடியாத நடத்தை) பயனுள்ளதாக்கும் குணமே இங்கே எதிரியாகிறது. ர = 4-இல் சிறு வேறுபாடு ஒவ்வொரு படியிலும் சராசரியாக இரண்டு மடங்காகும். டபுள் என்ற 64-பிட் தசம எண் வகையில் துல்லியம் 53 பிட். ஆகவே கடைசிப் பிட்டில் ஏற்படும் ஒரு வட்டமிடல் வேறுபாடு சுமார் 53 படிகளில் முழு எண்ணையும் மாற்றிவிடும். அந்த வேறுபாடு வர எத்தனையோ வழிகள் உண்டு. ர × ம × (1 − ம) என்று ஒருவரும் ர × ம − ர × ம × ம என்று இன்னொருவரும் எழுதினால் போதும். பழைய 32-பிட் நிரல்கள் 80-பிட் பதிவகங்களில் கணக்கிட்டன, இன்றைய 64-பிட் நிரல்கள் அப்படிச் செய்வதில்லை. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைக்கும் செயலிகளில் ஒரு வட்டமிடல் குறையும். கம்பைலரில் வேகக் கணக்கு விருப்பத்தை இயக்கினாலும் வரிசை மாறும். இடமாற்றத்தைத் திருப்பும் முன் பார்க்கையில் முதல் ஐம்பது பிக்சல் சரியாகத் திறந்து, மீதி இரைச்சலாக வந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஃப்ளோட்டில், அதாவது இத்தகைய தசம எண் கணக்கில், இன்னும் சில குழிகள் உண்டு. தொடக்க மதிப்பு 0.5 என்றால் அடுத்தது 1, அதற்கடுத்து நிரந்தரமாக 0. 0.25-உம் 0.75-உம் 0.75-லேயே நின்றுவிடும். ம-வும் (1 − ம)-வும் முதல் படியிலேயே ஒரே இடத்துக்கு வருவதால், 0.3 என்ற சாவியும் 0.7 என்ற சாவியும் கணித அளவில் ஒன்றே. ர-வை 3.57-க்கும் 4-க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று எழுதுவார்கள். 3.83 வைத்துப் பாருங்கள்: சிறிது நேரத்தில் 0.156, 0.505, 0.957 என்ற மூன்று எண்களே மாறி மாறி வரும். இப்படி ஒழுங்கு திரும்பும் இடைவெளிகள் அந்த வரம்பு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. டென்ட் மேப் என்ற கூடார வடிவச் சூத்திரத்தைச் சரிவு 2-இல் வைத்து டபுளில் ஓட்டினால் சுமார் 55 படிக்குள் 0 ஆகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு படியும் ஒரு பிட்டை வெளியே தள்ளுகிறது, உள்ளே புதிதாக எதுவும் வருவதில்லை.

மதிப்பை 10¹⁶-ஆல் பெருக்கி 256-ஆல் வகுத்து மீதி எடுக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. 2⁵³ என்பது 9.007 × 10¹⁵. அதைத் தாண்டிய டபுள் எண்கள் எல்லாமே இரட்டைப்படை. எனவே ம 0.9007-ஐத் தாண்டும்போதெல்லாம் கிடைக்கும் பைட் இரட்டைப்படையாகவே இருக்கும்; ர = 4-இல் இது ஐந்தில் ஒரு முறை நடக்கிறது. ஹிஸ்டோகிராம் படத்தைக் கண்ணால் பார்த்தால் எளிதில் தெரியாது, கை-ஸ்கொயர் உடனே காட்டிக்கொடுக்கும்.

சுழற்சி நீளம் கடைசிக் குழி. டபுளில் இருக்கும் மதிப்புகள் எண்ணி முடிக்கக்கூடியவை. அதனால் பாதை என்றாவது பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். 2⁵³ நிலைகள் என்றால் அதன் வர்க்கமூலம், அதாவது சில கோடிப் படிகள், தோராயமான மதிப்பீடு. நடைமுறையில் அதற்கும் கீழே இருக்கலாம். 4000 × 3000 வண்ணப் படத்தில் 3.6 கோடி பைட் இருக்கிறது. படத்தின் நடுவிலேயே எண்தொடர் மறுபடி தொடங்கலாம். 1989-இல் ராபர்ட் மேத்யூஸ் கிரிப்டோலோஜியா இதழில் கேயாஸ் வைத்த மறையாக்கத்தை முன்வைத்தார். அதே ஆண்டு அதே இதழில் டேனியல் வீலர் சுட்டிக்காட்டியது இந்தக் குறுஞ்சுழற்சியைத்தான்.

தீர்வு, ஃப்ளோட்டை விட்டுவிடுவது. மதிப்பை 64-பிட் முழு எண்ணாக வையுங்கள்: புது எண் = எண் × (2⁶⁴ − எண்), பெருக்குத்தொகையை 128 பிட்டில் எடுத்து 62 இடம் வலப்பக்கம் தள்ளுங்கள். எண் சரியாக 2⁶³ ஆக இருக்கும்போது மட்டும் விடை 2⁶⁴ ஆகி வழியும். அதை 2⁶⁴ − 1 என்று வைத்துவிடுங்கள். பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை இல்லாததால் இது இரண்டு வரி. எல்லாக் கணினியிலும் ஒரே விடை வரும். ஒரே ஒரு 64-பிட் எண் போதாது, சாவியின் பலம் 64 பிட்டாகச் சுருங்கிவிடும். நான்கு எண்களை வளையமாக வையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொன்றையும் மேப்பில் விட்டு, பக்கத்து எண்ணை 2⁶⁴ மாடுலோவில் (2⁶⁴-ஆல் வகுத்த மீதியாக) கூட்டுங்கள். நான்கில் ஒன்றோடு படி எண்ணையும் கூட்டுங்கள். படி எண் சேர்வதால் குறுஞ்சுழற்சியும் 0-வில் சிக்குவதும் தவிர்க்கப்படும். வெளியீட்டுக்கு 1-ஆவதையும் 3-ஆவதையும் எக்ஸ்-ஆர் செய்து, மேல் 16, கீழ் 16 பிட்டுகளை விட்டு நடுவில் உள்ள 32 பிட்டை எடுங்கள். 2-ஆவது, 4-ஆவதுக்கும் அதேபோல். ஒரு படிக்கு 8 பைட், 512 × 512 படத்துக்கு ஒரு தொடருக்கு 32,768 படி. தொடக்கத்தில் முதல் 1,000 படிகளை எறிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிட்டத்தட்ட ஒரே தொடக்க மதிப்புள்ள இரு சாவிகள் முதல் சில பத்துப் படிகளுக்கு ஒத்த பைட்டுகளையே தரக்கூடும்.

தொடக்க நான்கு எண்களும் கடவுச்சொல்லிலிருந்து நேரடியாக வரக் கூடாது. கடவுச்சொல்லைச் சாவியாக்கும் முறைகளான ஆர்கான்2ஐடி அல்லது பிபிகேடிஎஃப்2 வழியாக, சால்ட் என்ற சீரற்ற எண்ணோடு 256 பிட் முதன்மைச் சாவி எடுங்கள். அதையும் நான்ஸையும் எச்கேடிஎஃப்-இல் (ஒரு சாவியிலிருந்து பல சாவிகளை எடுக்கும் முறை) கொடுத்து, பூட்டுவதற்கு ஒரு சாவி, சரிபார்ப்புக்கு இன்னொரு சாவி என்று பிரியுங்கள்.

இடமாற்றத்துக்குக் கேட் மேப் வேண்டாம், ஃபிஷர்–யேட்ஸ் கலைப்பு போதும். கடைசி இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்தையும், அதையும் சேர்த்து அதற்கு முன்னுள்ள இடங்களில் ஏதோ ஒரு சீரற்ற இடத்தோடு மாற்றிக்கொண்டே வருவது. சீரற்ற இடத்தை வகுத்தல் மீதியால் எடுக்காமல், வரம்புக்கு வெளியே விழும் எண்ணைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுங்கள். எந்த அளவுப் படத்துக்கும் பொருந்தும். கேயாஸ் எண்களை வரிசைப்படுத்தி அந்த வரிசையை இடமாற்றமாக எடுக்கும் முறையில், இரண்டு எண்கள் சமமாக வந்தால் மேட்லேப் மென்பொருள் ஒரு வரிசையும் பைத்தானின் நம்ப்பை நூலகம் இன்னொரு வரிசையும் தரக்கூடும். படம் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

பரவலாக்கம்தான் இந்தத் துறையின் இதயம். மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுப்பதுபோல், ஒரு பிக்சலின் மாற்றம் படம் முழுக்கக் கலந்துவிட வேண்டும். தகவல் கோட்பாட்டின் தந்தை ஷானன் 1949-இல் சொன்ன இரண்டு தேவைகளில் ஒன்று அது. 1998-இல் ஜெசிகா ஃப்ரிட்ரிக் முன்வைத்த அமைப்பு, அதாவது முதலில் இடமாற்றம், பிறகு பரவலாக்கம், இதைப் பலமுறை செய்வது, இன்றுவரை பெரும்பாலான கட்டுரைகளின் எலும்புக்கூடு. 2010-இல் சோலாக்கும் அவர் குழுவினரும் அதையே உடைத்துக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதிகம் காணப்படும் சூத்திரம்: பூட்டிய பைட் = மூல பைட் ⊕ தொடர் பைட் ⊕ முந்தைய பூட்டிய பைட் (⊕ என்பது எக்ஸ்-ஆர்). மூலத்தில் கடைசிப் பிட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். அந்த இடத்திலிருந்து எல்லாப் பிக்சலும் மாறும், ஆனால் எல்லாவற்றிலும் அதே ஒரு பிட்தான் மாறும். முதல் பிக்சலில் மாற்றினால் என்பிசிஆர் 100%, யுஏசிஐ (பிக்சல் மதிப்புகள் சராசரியாக எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) 0.39%. எதிர்பார்க்கும் மதிப்புகள் 99.6094-உம் 33.4635-உம். என்பிசிஆர் மட்டும் எழுதி யுஏசிஐ-யை விட்டுவிட்டால் இந்தக் கோளாறு தெரியாமலே போகும். எக்ஸ்-ஆருக்குப் பதில் முந்தைய பைட்டைக் கூட்டினாலும் முழுத் தீர்வாகாது: மேல் பிட்டில் செய்த மாற்றம் மேல் பிட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நேர்கோட்டுத் தன்மையை உடைக்க 256 மதிப்புகள் கொண்ட எஸ்-பாக்ஸ் (ஒவ்வொரு பைட்டுக்கும் மாற்று பைட் தரும் அட்டவணை) ஒன்றைச் சாவித் தொடரால் கலைத்து வைத்துக்கொண்டு, (மூல பைட் + முந்தைய பூட்டிய பைட்) மாடுலோ 256-ஐ அதில் விட்டு, வருவதைத் தொடர் பைட்டோடு எக்ஸ்-ஆர் செய்யுங்கள்.

ஒரு திசையில் போனால், கடைசிப் பிக்சலின் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். முன்னிருந்து பின், பின்னிருந்து முன் இரண்டும் வேண்டும். அப்படி ஒரு சுற்று மட்டும் ஓட்டினால், கடைசிப் பிக்சலை மாற்றும்போது என்பிசிஆர் சரியாக 100% வரும். அதிகம் என்பதால் நல்லது என்று எண்ண வேண்டாம். உண்மையான சீரின்மையில் 256-இல் ஒன்று ஒத்துப்போக வேண்டும், அது நடக்கவில்லை என்றால் கலவை முழுமையாகவில்லை. இரண்டு முழுச் சுற்று, ஒவ்வொன்றுக்கும் தனித் தொடர், என்று வையுங்கள். மேட்லேபில் எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே 8-பிட் வகையில் 200 + 100 = 255; மேலே முட்டி நின்றுவிடும். 44 வர வேண்டுமென்றால் டபுளுக்கு மாற்றிக் கூட்டி, மீதி எடுத்து, திரும்ப மாற்றுங்கள். நம்ப்பை தானாகச் சுற்றிக்கொள்ளும். மேட்லேப் மேலிருந்து கீழாகவும் நம்ப்பை இடமிருந்து வலமாகவும் பிக்சலை அடுக்குவதும், ஓப்பன்சிவி என்ற பட நூலகம் வண்ணங்களில் நீலத்தை முதலில் வைப்பதும் இதே ரகச் சிக்கல்கள்.

எல்லாம் முடிந்தபின் தலைப்பு, நான்ஸ், பூட்டிய பைட்டுகள் அனைத்துக்கும் சேர்த்து எச்மேக் (சாவியோடு கணக்கிடும் சரிபார்ப்பு முத்திரை) போடுங்கள். திறக்கும்போது முதலில் அதைச் சரிபாருங்கள், தவறினால் திறக்கவே கூடாது. பூட்டிய படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் பைட்டுகள் மாறி எல்லாம் வீண். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அப்படித்தான், ஆவணமாக அனுப்புங்கள். பிஎன்ஜி-யில் வையுங்கள், அளவு குறையாது; சீரற்ற பைட்டுகளைச் சுருக்க முடியாது. சுருக்குவது எப்போதும் பூட்டுவதற்கு முன்புதான். பிக்சலை மட்டும் பூட்டிவிட்டு, படம் எடுத்த இடமும் நேரமும் உள்ள எக்சிஃப் தகவலையோ, டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பில் நோயாளியின் பெயரையோ திறந்து விட்டுவிடாதீர்கள்.

சோதனைகளை முழுக்கறுப்பு, முழுவெள்ளை, சாதாரணப் படம் மூன்றிலும் ஓட்டுங்கள். மாற்றும் பிக்சலை முதல், நடு, கடைசி என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். இத்துறையில் நெடுங்காலம் சோதனைக்குப் பயன்பட்ட, ஒரு பெண்ணின் லீனா படத்தை விட்டுவிடுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி அது உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை. இந்தச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தோற்றால் முறையில் பழுது இருக்கிறதா என்று தேட வேண்டும். தேறினால் பாதுகாப்பு நிரூபணமாகிவிட்டது என்று பொருளல்ல. நான்கே படங்களில் உடைந்த உங்கள் முதல் வடிவத்தைக்கூட, பைட் எடுக்கும் முறையைச் சீர்செய்தால், என்ட்ரோபியிலும் ஹிஸ்டோகிராமிலும் தேறவைத்துவிடலாம். நான் மேலே சொன்ன நான்கு-எண் வளையமும் கற்கவும் ப்ராஜெக்ட் செய்யவும் தகுந்த வடிவம். பல ஆண்டுகள் பலர் தாக்கிப் பார்த்துத் தேர்ந்த மறையாக்கம் அல்ல.

உண்மையான எக்ஸ்-ரே படங்களையோ அடையாள அட்டைகளையோ காக்க வேண்டும் என்றால் பூட்டுவதையும் சரிபார்ப்பதையும் சேர்த்துச் செய்யும் தர முறைகளான ஏஇஎஸ்-ஜிசிஎம் அல்லது சாச்சா20-பாலி1305 எடுங்கள். படத்தின் பிக்சல்களுக்குள் உறவு அதிகம், அளவு பெரிது, அதனால் ஏஇஎஸ் பொருந்தாது என்ற வாக்கியம் கட்டுரைக்குக் கட்டுரை நகலாகிறது. பூட்டிய பின்னும் உருவம் தெரியும் அந்தப் பிரபலமான பெங்குவின் படம், ஏஇஎஸ் போன்ற மறையாக்கத்தை இசிபி முறையில், அதாவது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஒரே விதமாகப் பூட்டும் முறையில், தவறாக ஓட்டியதன் விளைவு. வேகத்தைப் பார்த்தால், ஏஇஎஸ் கட்டளைகள் உள்ள இன்றைய செயலி ஒரே மையத்தில் நொடிக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் பூட்டும். முந்தைய மதிப்புக்காகக் காத்திருந்து ஓடும் லாஜிஸ்டிக் மேப் அந்த வேகத்தைத் தொடுவது கடினம். சிசிடிவி காட்சியில் முகம் உள்ள கட்டத்தை மட்டும் மறைத்து மீதியைப் படமாகவே வைத்திருக்க வேண்டிய இடங்களில் பிக்சல் நிலைப் பூட்டு தேவைப்படும். அங்கும் எண்தொடரை ஏஇஎஸ்-சிடிஆர்-இலிருந்து எடுக்கலாம், ஃபிரேம் எண்ணையும் கட்டத்தின் இடத்தையும் நான்ஸில் சேர்த்துக்கொண்டு. ஜிசிஎம்-இலும் 96-பிட் நான்ஸ் ஒரே சாவியில் இருமுறை வந்தால் இரண்டு மூலங்களின் எக்ஸ்-ஆர் மட்டுமல்ல, சரிபார்ப்புச் சாவியும் வெளியாகும்.